ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல

ஊவா மாகாணத்து மலைச்சாரல்களில் வாழும் நமக்குக் கெப்பெட்டிபொல என்னும் பெயர் புதியதன்று. வெலிமடைக்கு அணித்தேயுள்ள சிறு பட்டினமொன்று அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. மரக்கறியும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லொறிகள் அவ்வூரினின்று நாள்தோறும் புறப்படுகின்றன. பெயரை அறிவோம், பெயருக்குரியவரை அறிவோமா? ஆங்கிலேயரை எதிர்த்தார், தலை வெட்டப்பட்டார் என்னும் இரண்டு செய்திகளுக்கு அப்பால் நம்மிற் பலர் அறிந்தது சிறிதே. கல்லூரியின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், அக்கல்லூரி நிற்கும் மண்ணின் வரலாற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் தகும் எனக் கருதி, அப்பெருமகனாரின் வாழ்வையும், அவர் நின்று பொருத இரு திறப் படைகளின் அமைப்பையும் ஈண்டு எழுதலாயினேன்.

மொனரவில கெப்பெட்டிபொல கண்டி இராச்சியத்தின் உயர்குடியிற் பிறந்தவர். அவருடைய தமக்கையரோ தங்கையரோ என்று ஆராய்வது நமக்கு வேண்டுவதன்று. அவருடன் பிறந்த பெண்மணியே எகலப்பொல அதிகாரின் மனைவியாவார். 1814ஆம் ஆண்டில் அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் எகலப்பொலவின் மீது கொண்ட சினத்தால் அவ்வம்மையாரையும் அவர்தம் மக்களையும் கொல்வித்த கொடுமை, கண்டிப் பிரதானிகளின் நெஞ்சங்களை அரசனிடமிருந்து அறவே பிரித்தது. தன் குடும்பத்திலேயே இத்துயரைக் கண்டவர் கெப்பெட்டிபொல. பின்னர் அவர் செய்த செயல்களை எடைபோடுவோர் இதனை மறத்தலாகாது.

1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையால் அவனுடைய இராச்சியம் பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. நாட்டு வழமைகளும், பிரதானிகளின் உரிமைகளும், பௌத்த சமயமும் காக்கப்படும் என்று அவ்வுடன்படிக்கை கூறியது. அதில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் ஊவாத் திசாவையாகிய கெப்பெட்டிபொலவும் ஒருவர். அரசன் அடுத்த ஆண்டிலே தென்னிந்தியாவிலுள்ள வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் துறந்தான். பதுளையில் அரசாங்க ஏசண்டராய் அமர்ந்த சைமன் சோயர்ஸ் என்பவரும் கெப்பெட்டிபொலவும் ஒருங்கே கடமை புரிந்தனர். இருவருக்குமிடையே நட்பு வளர்ந்தது. அந்நட்பை நாம் இவ்வரலாற்றின் இறுதியில் மீண்டும் காண்போம்.

திசாவை என்னும் பதவியின் தன்மையை இங்கே விளக்குதல் நன்று. அவர் ஒரு மாகாணத்தின் அதிபதி. இறை தண்டுதல், நீதி வழங்கல், படை திரட்டல் ஆகிய மூன்றும் அவர் ஒருவர் கையில் இருந்தன. கண்டி இராச்சியத்திற் பெரியதொரு நிலைப்படை இருந்ததில்லை. நிலத்தை அனுபவிக்கும் குடியானவன் அதற்கு ஈடாக அரசனுக்குச் செய்யும் இராசகாரியமே படைத்தொழிலாகவும் இருந்தது. திசாவையின் கட்டளை ஊர்த் தலைவர்களுக்குச் செல்லும். அவர்கள் தத்தம் ஊரவரைக் கூட்டிவருவர். வருவோர் தம் ஆயுதத்தையும், சில நாட்களுக்கு வேண்டிய அரிசியையும் தாமே சுமந்து வருவர். அரிசி தீர்ந்தால் வீடு திரும்புவர். வேறோர் அணி அவர்களின் இடத்தை நிரப்பும். சம்பளம் இல்லை, களஞ்சியம் இல்லை. நிலமும் மரபும் அரசன்மீது வைத்த பத்தியுமே இப்படையைக் கட்டிய கயிறுகளாகும்.

உடன்படிக்கை எழுதப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் மனக்கசப்புத் தோன்றியது. முன்னர் அரசனொருவனுக்கே தலைவணங்கிய பிரதானிகள், இப்போது இளவயதுடைய வெள்ளை அதிகாரிகளுக்கும் கீழ்ப்பட்டனர். வெல்லஸ்ஸைப் பகுதியில் வாழ்ந்த சோனகரைப் பழைய தலைவர்களின் ஆணையிலிருந்து பிரித்து, அவர்களுக்கெனச் சோனகர் ஒருவரையே முகாந்திரமாக அரசாங்கம் நியமித்தது. தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை நடத்திய அச்சோனகரின் உதவி படைக்குத் தேவையாயிருந்தது. ஆயினும் அந்நியமனத்தால் அப்பகுதித் தலைவர்களின் பெருமை குன்றியது.

1817ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நாயக்கர் குலத்து இளவரசனாகிய துரைசாமி என்பான் ஒருவன் வெல்லஸ்ஸைக் காடுகளில் தோன்றியிருக்கின்றான் என்னும் செய்தி பதுளைக்கு எட்டியது. உண்மையில் அவன் நாயக்கனுமல்லன், இளவரசனுமல்லன். வில்பாவே என்னும் பெயருடைய, முன்னர்ப் பிக்குவாயிருந்த சிங்களவன். ஆயினும் வேலூரிலிருந்த அரசனின் உறவினன் என்றே மக்கள் நம்பினர். அவனைப் பிடிக்க அனுப்பப்பட்ட சோனக முகாந்திரம் கிளர்ச்சிக்காரர் கையிற் சிக்கி உயிரிழந்தார். அப்போது பதுளையில் அதிகாரியாயிருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் தாமே சிறு படையுடன் சென்றார். ஒக்டோபர் மாதத்தில் வெல்லஸ்ஸையில் அம்பொன்று பாய்ந்து அவரும் மாண்டார்.

அந்நிலையிலேதான் அரசாங்கம் கெப்பெட்டிபொலவை நாடியது. தம் மாகாணத்தை அமைதிப்படுத்துமாறு ஏவி, ஆட்களையும் ஆயுதங்களையும் கொடுத்து அவரை அனுப்பினர். நவம்பர் முதலாம் நாளளவில் அலுப்பொத்தை என்னுமிடத்தில் கிளர்ச்சிக்காரர் அவரைச் சூழ்ந்தனர். தம்மை வழிநடத்துமாறு வேண்டினர். திசாவை தம் மக்களின் பக்கம் சேர்ந்தார். ஆயினும் அரசாங்கம் தம்மை நம்பிக் கொடுத்த துவக்குகளையும் வெடிமருந்தையும் அவர் தமக்கெனக் கொள்ளவில்லை. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று இந்நாட்டவர் இன்றுவரை போற்றி வருகின்றனர். படைக்கலம் அரிதாயிருந்த நாளில், பகைவனாக மாறப்போகும் ஒருவனுக்கு அவன் கொடுத்ததை அவனிடமே ஒப்புவித்தல் எளிய செயலன்று.

இனி இரு திறத்துப் படைகளையும் நோக்குவோம். திருக்குறளிலே படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் உள்ளமை மாணவர் அறிந்ததே. அதற்கு உரை கண்டோர், வேந்தனுக்கு உதவும் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகைப்படுத்துவர். வழிவழியாய் வந்த படை மூலப்படை. சம்பளத்திற்குச் சேர்ந்தது கூலிப்படை. குடிமக்களால் ஆயது நாட்டுப்படை. வனத்து வாழ்நரால் ஆயது காட்டுப்படை. நட்பரசர் தருவது துணைப்படை. பகைவரிடமிருந்து பிரிந்து வந்தது பகைப்படை. இப்பழம் பாகுபாடு ஊவாப் போருக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது.

தேசாதிபதி சேர் றொபேட் பிரவுன்றிக்கின் படையை ஆங்கிலப் படை என்று ஒரு சொல்லாற் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் அப்படையில் ஆங்கிலம் பேசாதோர் மிகப் பலர். 19ஆம், 73ஆம், 83ஆம் காலாட்படைகள் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்தவை. இவற்றை அவர்களின் மூலப்படை எனலாம். இலங்கைப் படைப்பிரிவுகள் எனப்பட்டவையோ பல்வேறு இனத்தாராற் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்று மலாயரால் ஆயது. அவர்கள் முன்னர் ஒல்லாந்தக் கும்பனியின் கீழ்ப் பணிபுரிந்து, 1796ஆம் ஆண்டில் கரையோரம் கைமாறியபோது ஆங்கிலேயரிடம் வந்துசேர்ந்தவர்கள். வேறொன்று தென்னிந்தியச் சிப்பாய்களைக் கொண்டது. இன்னொன்று ஆபிரிக்கரால் ஆயது. கோவாவிலும் மொசாம்பிக்கிலும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுச் சிவப்புச் சட்டை அணிவிக்கப்பட்டோர் அவர்களுள் இருந்தனர். தம் நாட்டை இழந்தோரைக் கொண்டே பிறர் நாட்டை அடக்கினர் என்பது எண்ணி வருந்தத்தக்கது.

இவர்களுக்கு அப்பால், துவக்கு ஏந்தாத மற்றொரு படையும் இருந்தது. அரிசி மூட்டையும், வெடிமருந்துப் பெட்டியும், நோயாளரைத் தூக்கும் தூளியும் சுமந்த கூலியாட்களே அவர்கள். கரையோரத்துச் சிங்களவரும் தென்னிந்தியத் தமிழரும் அவர்களுள் அடங்குவர். வண்டிப் பாதை இல்லாத அக்காலத்து மலைநாட்டில், சுமையாள் ஓடிவிட்டால் படை அசையாது. இதனை நன்குணர்ந்த கிளர்ச்சிக்காரர் ஒடுங்கிய கணவாய்களில் மரங்களை வெட்டி வீழ்த்தி வழியடைத்து, சுமையாட்களையே முதலிற் குறிபார்த்தனர்.

பகைப்படையும் தேசாதிபதியிடம் இருந்தது. மொல்லிகொட அதிகார் முதலாய கண்டிப் பிரதானிகள் சிலர் இறுதிவரை அரசாங்கத்தோடு நின்றனர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழி மொல்லிகொடவின் செல்வாக்குக்குட்பட்ட கோறளைகளூடாகச் சென்றது. அவ்வழி அடைபடாதிருந்தமையே அரசாங்கப் படையை உயிருடன் காத்தது என்பர். துணைப்படைக்கு மட்டும் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. இலங்கை அரச குடியேற்றநாடு. மதராசோ கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சியில் இருந்தது. முடி ஒன்றாயினும் ஆட்சி இரண்டு. அவ்வமயம் கும்பனிப் படைகள் பிண்டாரிகளுடனும் மராட்டியருடனும் பொருதுகொண்டிருந்தமையால், பிரவுன்றிக் கேட்ட உதவி உடனே கிட்டவில்லை. இந்தியப் போர் ஓய்ந்த பின்னரே, 1818ஆம் ஆண்டில், மதராசுப் படைகள் கடல் கடந்து வந்தன.

இத்துணை வேறுபட்ட மக்களை ஒருங்கே பிணைத்தது யாது? மொழியன்று, சமயமன்று, நாட்டுப்பற்றுமன்று. மாதச் சம்பளமும், ஒரே கட்டளை வரிசையும், களஞ்சியங்களுமே அவர்களைப் பிணைத்தன. தேசாதிபதி கண்டியிலிருந்து ஆணையிட்டார். கண்டி, மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை ஆகிய பல திசைகளிலிருந்தும் படைகள் ஊவாவுக்குள் நுழைந்தன. நாடெங்கும் சிறு காவல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒரு நிலையம் வீழ்ந்தாலும் மற்றொன்று நின்றது. ஓர் அதிகாரி மாண்டால் அடுத்தவர் அவரிடத்தை ஏற்றார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றது பெரும்பாலும் நாட்டுப்படை. ஊவா, வெல்லஸ்ஸை, பின்னர் வலப்பனை, தும்பறை, மாத்தளை எனப் பல பகுதிகளின் குடியானவர்கள் தத்தம் தலைவர்களின் கீழ்த் திரண்டனர். வெல்லஸ்ஸையிலும் பிந்தனையிலும் வாழ்ந்த வேடரும் வில்லேந்தி வந்தனர், இவர்களே காட்டுப்படை. சிங்களக் குடியானவரும் வேடரும் நாயக்க இளவரசன் எனத் தாம் நம்பிய ஒருவனின் பெயரால் ஒன்றுகூடினர் என்பது கருதத்தக்கது. அவர்களைச் சேர்த்தது இனம் அன்று. அரசன் என்னும் எண்ணமே. ஆனால் மூலப்படை அவர்களிடம் இல்லை. பழைய அரண்மனைக் காவற்படை அரசனோடு மறைந்துவிட்டது. துணைப்படை தருவதற்குக் கடலுக்கப்பால் நட்பரசரும் இல்லை. ஒவ்வொரு தலைவரும் தம் மாகாணத்தவரையே நடத்தினர். கெப்பெட்டிபொல தலைமை பூண்டாரெனினும், பிற பிரதானிகள் அவரைத் தம்மோடொத்தவராகக் கருதினரேயன்றி, அவருடைய ஆணைக்கு அடங்கிய அதிகாரிகளாகத் தம்மைக் கருதவில்லை.

போர் ஓராண்டு நீடித்தது. 1817 ஒக்டோபர் இறுதியில் ஊவாவில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1818 பெப்ரவரியில் அது கண்டி மாகாணங்கள் அனைத்திற்கும் விரிந்தது. நமக்கு அண்மையிலுள்ள பரணகமையில், மேஜர் மக்டொனால்ட் என்பார் சிறு படையொன்றுடன் குன்றொன்றில் நிலைகொண்டார். கெப்பெட்டிபொல தம் பெரும் படையுடன் அதனைப் பன்னாள் வளைத்தும் வீழ்த்த இயலவில்லை. அவ்விடத்துக்கு மக்டொனால்ட் கோட்டை என்னும் பெயர் வழங்கலாயிற்று. கணவாயில் மறைந்து தாக்குவதில் வல்ல நாட்டுப்படை, அரணைத் தாக்குவதில் வலியற்றிருந்தமைக்கு இஃது ஒரு சான்று. மறைந்து நிற்கும் பகைவனை எதிர்ப்பட்டு வெல்ல இயலாத அரசாங்கப் படையோ, அவன் உண்ணும் சோற்றைத் தாக்கியது. ஊர்கள் எரியூட்டப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, மாடுகள் கவரப்பட்டன. தம் அரிசியைத் தாமே சுமந்து வரும் படைக்கு, வயல் அழிந்தால் வாழ்வேது?

1818 மே மாதத்தில் வெல்லவாயப் பகுதியில் அவ்விளவரசனுக்கு முடி சூட்டப்பட்டது. கெப்பெட்டிபொல முதல் அதிகாரானார். கண்டியிலிருந்து புத்தரின் தந்ததாது மறைவாக அகற்றப்பட்டுக் கிளர்ச்சிக்காரரிடம் சேர்ந்தது. தாது எவரிடம் உளதோ அவரே நாட்டின் அதிபதி என்பது மக்களின் நம்பிக்கையாதலால், கிளர்ச்சியின் வலிமை உச்சத்தை அடைந்தது.

அவ்வலிமை உட்பகையால் தளர்ந்தது. தும்பறையில் முன்னின்ற மடுகல்லை என்னும் பிரதானி, முடி சூடியவன் நாயக்கனல்லன் என்பதை அறிந்தார். 1818 செப்டெம்பரில் அவனைப் பிடித்துத் தொழுவிலிட்டார். கெப்பெட்டிபொலவையும் சிறிது காலம் காவலில் வைத்தார். அரசன் என்னும் எண்ணத்தாற் கட்டப்பட்ட படைக்கு அரசன் பொய்யென்று தெரிந்தால் எஞ்சுவது யாது? ஊரவர் கலைந்தனர். பசியும் நோயும் அவர்களை முன்னமே வாட்டியிருந்தன. மதராசுப் படைகளும் வந்து சேர்ந்துவிட்டன. வில்பாவே தப்பி ஓடி, 1829ஆம் ஆண்டு வரை மறைந்து வாழ்ந்து, பின்னர்ப் பிடிபட்டு மன்னிப்புப் பெற்றான். அவன் பெயராற் பொருதோருக்கோ அப்பேறு வாய்க்கவில்லை.

விடுபட்ட கெப்பெட்டிபொல வடக்கே நுவரகலாவிய நோக்கிச் சென்றார். 1818 ஒக்டோபர் 28ஆம் நாள், அப்பகுதியிற் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது 83ஆம் படையைச் சேர்ந்த அதிகாரியொருவரின் பிரிவு அவரைச் சூழ்ந்து கைப்பற்றியது. சின்னாட்களில் மடுகல்லையும் பிடிபட்டார், தாதுவும் மீட்கப்பட்டது. நவம்பரிற் கண்டியில் இராணுவ மன்றம் கூடி இருவருக்கும் மரண தண்டனை விதித்தது.

நவம்பர் 26ஆம் நாட்காலை, தம் வேண்டுகோளின்படி தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கெப்பெட்டிபொல, அங்கே வழிபாடாற்றித் தம் மேலாடையைக் காணிக்கையாக அளித்தார். பின்னர்ப் போகம்பறை ஏரிக்கரையில் கொலைக்களத்தில் அமர்ந்து, இடையிலிருந்து சிறு பாளி ஏடொன்றை எடுத்து ஓதினார். அவ்வேட்டைச் சைமன் சோயர்ஸிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டினார். பதுளையில் ஒருங்கு பணிபுரிந்த காலத்து நட்பின் அடையாளம் அது. முதல் வெட்டில் முடியாது இரண்டாம் வெட்டில் அவர் உயிர் பிரிந்தது. கலக்கமின்றி அவர் மாண்ட விதத்தை எழுதி வைத்தவர் ஹென்றி மார்ஷல் என்னும் ஆங்கிலப் படை மருத்துவர். அவரே அம்மண்டையோட்டை எடின்பரோவுக்கு எடுத்துச் சென்று ஆராய்ச்சிக் கழகமொன்றுக்கு அளித்தார். இலங்கை சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டில் அது நாடு திரும்பிற்று. 1954ஆம் ஆண்டில் தலதா மாளிகையின் முன்றிலில் நினைவுச்சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் அவர்மீதும் உடனின்றோர்மீதும் சுமத்திய துரோகிகள் என்னும் பழியை இலங்கை அரசு 2016ஆம் ஆண்டில் நீக்கியது.

இப்போரின் இழப்பை அக்காலத்துப் படை மருத்துவர் ஜோன் டேவி கணக்கிட்டுள்ளார். அரசாங்கப் படையில் இறந்தோர் ஏறக்குறைய 1,000 பேர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நோயே. கண்டி மக்களில் மாண்டோர் அதனைப்போலப் பத்து மடங்கு இருக்கலாம் என்பது அவர் மதிப்பு. 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனத்தால் பிரதானிகளின் அதிகாரங்கள் குறைக்கப்பட்டன. வழியற்ற மலைநாட்டில் பட்ட பாடு ஆட்சியாளருக்கு ஒரு பாடமாயிற்று. அடுத்துவந்த ஆண்டுகளிற் பாதைகள் அமைக்கப்பட்டன. பாதைகளைத் தொடர்ந்து கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காடுகளையும் தரிசுகளையும் அரசாங்கத்துக்கு உரியனவாக்கித் தோட்டங்களுக்கு இடந்தந்தது. அத்தோட்டங்களில் உழைக்க வந்தவர்களே நம்மிற் பலரின் முன்னோர்.

ஆதலால் இவ்வரலாறு பிறர் வரலாறு என்று நாம் ஒதுங்குதல் முறையன்று. அப்போரிலே தமிழன் சிப்பாயாயிருந்தான், சுமையாளாயிருந்தான், கிளர்ச்சியின் அரசனுக்கு வாய்த்த பெயரும் தமிழ்ப்பெயராயிருந்தது. சிங்களப் பிரதானிகள் இரு பக்கமும் நின்றனர். மலாயரும் ஆபிரிக்கரும் தமக்கு எவ்வித வழக்குமில்லாத மலைகளிலே மாண்டனர். இன்னார் இனத்தவர் இன்ன பக்கம் என்று கோடு கிழித்து இப்போரைக் கூறுவோர் அதனைச் சரிவர அறியாதோரே. அவ்வாறு கூறப்படும் கதைகளால் இந்நாடு பின்னாட்களில் அடைந்த துன்பங்களை நாம் அறிவோம்.

இங்கே இளைஞர் கருதவேண்டியது மற்றொன்றுமுண்டு. சம்பளமும் சட்டமும் கட்டிய படை வென்றது. பத்தியும் மரபும் கட்டிய படை தோற்றது. ஒழுங்கில்லாத வீரம் நெடுநாள் நில்லாது. பொய்யின்மேல் எழுப்பிய ஒற்றுமை அப்பொய் வெளிப்படும் நாளிலே சிதறும். ஆயினும் வென்ற படையின் அதிகாரிகளுட் பலரின் பெயர் இன்று எவர் நாவிலும் இல்லை. பெற்ற ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்தவரும், கொலைக்களத்திலும் பகைவர் பக்கத்து நண்பனை மறவாதவருமாகிய கெப்பெட்டிபொலவின் பெயர், வெலிமடை வழிச்செல்லும் ஒவ்வொரு பேருந்தின் பலகையிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அப்பலகையைக் காணும் நம் மாணவர், அது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று, நேர்மை தவறாத ஒருவரின் பெயருமாகும் என்பதை நினைவிற் கொள்வாராக.